கொண்டையோடு போன நேர்முகம்

வேலை தருவதென்றால் தலைமுடியோடு சேர்த்துத் தரட்டும், இல்லாவிட்டால் அந்த வேலையே தனக்கு வேண்டாம் என்று சாருஜன் ஒரு காலைப் பொழுதில் சபதம் எடுத்தான். சும்மா சபதமில்லை. குசினி வாசலில் நின்று, ஒரு கையில் பால் விடாத பிளேன்ரீக் கோப்பையும் மறு கை ஆகாயத்திலுமாக எடுத்த சபதம். கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் அவன் மனைவி சுதாஜினி. மற்றவர், துணி காயப்போடுகிற சாட்டில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற கமலாசனி அக்கா. காயப்போட அவர் கையில் ஒரு துணியும் இல்லை என்பது வேறு விஷயம்.

சுதாஜினி தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "ஓம்" என்றாள்.

"என்ன ஓம்?"

"முடியோட தரட்டும் எண்டுறன்."

இந்த இடத்தில் சாருஜன் பயந்திருக்க வேண்டும். கலியாணம் முடித்து இத்தனை வருஷத்தில் அவன் சொன்ன எதற்கும் முதல் தடவையிலேயே அவள் ஓம் சொன்னதில்லை. ஆனால் வெற்றி வருகிறபோது நின்று விசாரிக்கிற பழக்கம் அவனுக்கு இல்லை.

சாருஜன் ஆம்பிளை நேர்ஸ். கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், சத்திரசிகிச்சைக் கூடத்தில் வேலை பார்த்தவன். அங்கே எல்லாருடைய தலையும் தொப்பிக்குள். எனவே அந்தத் தொப்பிக்குள் என்ன வளர்கிறது என்று ஒருவரும் தேடவில்லை. தேடாத இடத்தில் அது தோள் தாண்டி, முதுகின் பாதி வரைக்கும் வந்துவிட்டது. நல்ல முடி. கறுத்து, அலையலையாக, விளம்பரத்துக்குக் கொடுக்கலாம் போல. சொந்த ஊரான மல்லாவியில், சந்தையில் பின்னாலிருந்து பார்த்த ஒரு மரக்கறிக்காரர், "பிள்ளை, கத்தரிக்காய் நல்லது, பார் மோள்" என்று கூப்பிட்டதும் உண்டு. அவன் கோபித்துக்கொள்ளவில்லை. அரைக் கிலோ வாங்கிக்கொண்டு வந்தான்.

கொழும்பு ஒப்பந்தம் இப்போது முடிந்துவிட்டது. திரும்பி வந்து கையெழுத்துப் போடச் சொல்லி அங்கிருந்து போன் மேல் போன். அந்த நேரம் பார்த்துத்தான் கிளிநொச்சியில் புதிதாகத் திறந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஆள் எடுக்கிறது என்ற செய்தி வந்தது. அது கிடைத்தால் காலையில் போய்ப் பின்னேரம் வீட்டுக்கு வரலாம். கிடைக்காவிட்டால் மறுபடி கொழும்பு பஸ். மகள் ஆரபிக்கு மூன்று வயது. அப்பா என்றால் போனுக்குள் இருக்கிற ஆள் என்றே அவள் நெடுநாள் நம்பியிருந்தாள். அவன் நேரில் வந்த முதல் நாள், போனைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள், ஆள் எந்த வழியால் வெளியே வந்தது என்று. அன்றைக்கு அவன் சிரித்தான். பிறகு கிணற்றடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் முகம் கழுவினான்.

ஆகவே வேலை வேண்டும். முடியும் வேண்டும். இரண்டுமே உயிர்.

ஊரில் எல்லாரும் வெட்டு வெட்டு என்றார்கள். மாமியார் சொன்னார். மாமியாரின் தங்கை கனடாவிலிருந்து வீடியோவில் வந்து சொன்னார். கமலாசனி அக்கா வேலியால் எட்டிச் சொன்னார்.

"தம்பி, வருத்தக்காரர் உம்மைக் கண்டு எழும்பி ஓடிப்போவினமெல்லோ?"

"எழும்பி ஓடினா நல்லதுதானே அக்கா. சுகமாகிட்டுது எண்டு துண்டு வெட்டி அனுப்பலாம்."

"பகிடி விடாதேயும். ஆம்பிளைக்கு என்னத்துக்கு உவ்வளவு தலைமயிர்?"

"அக்கா, நேர்ஸ் வேலையில முக்காவாசிப் பேருக்கு நீட்டுத் தலைமயிர்தான். அவையிட்டை ஒருத்தரும் கேக்கேல்லையே."

"அவை பொம்பிளையள்!"

"தலைமயிருக்கு அது தெரியுமோ?"

அக்கா, கையில் இல்லாத துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சாருஜன் மனைவியைப் பெருமையோடு பார்த்தான். அவள் அலுமாரியைத் திறந்து சீப்பு, கொண்டை ஊசி, கறுப்பு வலை எல்லாவற்றையும் எடுத்துப் பாயில் பரப்பினாள்.

"இருங்கோ இஞ்ச. வெட்டுறேல்லை எண்டா ஒழுங்காக் கட்டோணும்."

சுதாஜினி முன்பள்ளி ஆசிரியை. இருபத்தைந்து பிள்ளைகளைக் கண்ணாலேயே இருத்தி எழுப்புகிறவள். சாருஜன் இருந்தான்.

முதலில் உச்சியில் கட்டினாள். கண்ணாடியில் பார்த்தான். மலையில் இருந்து இறங்கி வந்த சாமியார் தெரிந்தார்.

"ஊசி போட வந்தவரோ, விபூதி பூச வந்தவரோ எண்டு சனம் குழம்பும்," என்றாள். அவிழ்த்தாள்.

அடுத்தது குதிரைவால். அது நன்றாக இருந்தது. சாருஜனுக்குப் பிடித்துவிட்டது. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தான்.

"பொறுங்கோ. ஆரபி, இஞ்ச வாம்மா. நீ வருத்தக்காரி. பாயில படு. அப்பா உனக்கு பிரஷர் பாக்கப் போறார்."

ஆரபி படுத்தாள். உற்சாகத்தில் செத்தவள் போலப் படுத்தாள். சாருஜன் குனிந்து கையைப் பிடித்தான். குதிரைவால் சரிந்து வந்து நோயாளியின் மூக்கில் விழுந்தது. நோயாளி தும்மினாள். பிறகு கண்ணைத் திறந்து, தொங்கிய வாலை இரண்டு கையாலும் பிடித்து, தன் பலம் முழுவதையும் கூட்டி இழுத்தாள்.

"ஐயோ! விடம்மா, விடு!"

"இப்ப ஆர் வருத்தக்காரர்?" என்று கேட்டாள் சுதாஜினி.

பின்னல் பார்த்தார்கள். பக்கக் கொண்டை பார்த்தார்கள். பக்கக் கொண்டையில் அவன் தன் சின்ன மாமியைப் போலவே இருந்தான். அதை அவள் சொன்ன பிறகு அவனால் கண்ணாடியைப் பார்க்க முடியவில்லை. கடைசியில் பின்கழுத்துக்குச் சற்று மேலே, இறுக்கி முறுக்கி, வலைக்குள் அடக்கி, ஊசி வெளியே தெரியாமல் ஒரு கொண்டை. முன்னாலிருந்து பார்த்தால் கொண்டை இருப்பதே தெரியாது. நல்லெண்ணெய் ஒரு சொட்டு தடவி, காதோரம் பறந்த முடிகளையும் அடக்கியாயிற்று. வெள்ளைச் சேர்ட், கறுப்புக் காற்சட்டை, மினுக்கிய சப்பாத்து. அதன் மேல் ஹெல்மெற்றையும் போட்டு, கழற்றி, மறுபடி போட்டு, கொண்டை குலையவில்லை என்று உறுதிசெய்தாள்.

சாருஜன் தன்னைத் தானே பார்த்து அசந்துபோனான். உண்மையாகவே நல்ல நேர்ஸ் ஒருவன் கண்ணாடிக்குள் நின்றான்.

"சுதா, நீர் இல்லாட்டி நான் என்ன செய்வன்?"

"கதிரையைப் போட்டு அதில இருங்கோ. நான்தான் மேற்றன், நேர்ஸ்மாருக்கெல்லாம் பெரியவ. கேள்வி கேக்கப் போறன்."

சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆரபியின் படக்கொப்பியை மடியில் வைத்து, மூக்குக் கண்ணாடி இல்லாமலே கண்ணாடிக்கு மேலால் பார்த்தாள்.

"தம்பி, என்ன இது தலையில?"

"தலைமயிர், மிஸ்."

"தெரியுது. ஏன் வெட்டேல்லை?"

சாருஜன் தொண்டையைச் செருமினான். இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தான். "மிஸ், தொற்று வராமல் தடுக்கிறதுக்கு முடியின்ர நீளம் முக்கியமில்லை. அது கட்டியிருக்கோ, கழுவியிருக்கோ, மூடியிருக்கோ எண்டதுதான் முக்கியம். பெண் தாதியருக்கு ஒரு சட்டம், ஆண் தாதியருக்கு ஒரு சட்டம் எண்டு வைக்கிறது எந்த வகையில நியாயம்? இதைப் பற்றி நான் மூண்டு குறிப்புச் சொல்ல விரும்புறன். முதலாவது…"

"காணும்."

"இன்னும் முதலாவதே சொல்லேல்லை."

"நியாயம் சரிதான். நீங்கள் சொல்லுறதெல்லாம் சரி. ஆனா நேர்முகத்துக்குப் போய் நியாயம் கதைக்கிற ஆளைக் கண்டா, உவர் நாளைக்கு வாட்டுக்குள்ள சங்கம் தொடங்குவார் எண்டெல்லோ நினைப்பினம்?"

அவன் முகம் விழுந்தது. "அப்ப என்ன சொல்லுறது?"

சுதாஜினி படக்கொப்பியை மெதுவாக மூடினாள். "நேர்த்திக்கு வளர்க்கிறன் எண்டு சொல்லுங்கோ."

சாருஜன் வாயைத் திறந்தபடி இருந்தான். என்ன மூளை! வன்னியில் தாடியோ முடியோ வளர்க்கிறவனைப் பார்த்து யாராவது முகம் சுளித்தால், நேர்த்தி என்ற ஒரு சொல் போதும். அம்மனுக்கு நேர்ந்த முடி என்றால் பள்ளிக்கூட அதிபர் கூடக் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுவார். அதற்கு மேல் கேள்வி கேட்க ஆருக்கும் துணிவு வராது.

"ஆனா சுதா, நான் நேர்த்தி ஒண்டும் வைக்கேல்லையே. பொய்யெல்லோ?"

"பொய்யோ மெய்யோ எண்டு அம்மாளாச்சி பாத்துக்கொள்ளுவா. நீங்கள் கேட்டாச் சொல்லுங்கோ. கேக்காட்டி வாயை மூடிக்கொண்டு வாங்கோ."

நேர்த்தி என்றால் வளர்ப்பது மட்டுமில்லை, ஒருநாள் அதைக் கோயிலில் இறக்க வேண்டும் என்பது ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். சாருஜனுக்கும் தெரியும். ஆனால் அந்த நேரம் அவன் மனம் முழுக்கத் தன் மனைவியின் கெட்டித்தனத்தில் மயங்கிப்போயிருந்தது. இப்படி ஒருத்தியைக் கட்டிய தன் கெட்டித்தனத்திலும்.

நேர்முகம் புதன்கிழமை. உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் பெரிய டொக்டர். ஒரு பக்கம் நிர்வாகத்தைப் பார்க்கிற இளைஞர். மறுபக்கம் மேற்றன் சிவலட்சுமி; வெள்ளைச் சீருடையில் ஒரு சுருக்கமும் இல்லை, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

கேள்விகள் வந்தன. சத்திரசிகிச்சை முடிந்த நோயாளிக்கு திடீரென்று பிரஷர் இறங்கினால் முதலில் என்ன செய்வீர்? பதற்றத்தோடு அழுகிற உறவினரை எப்படி வெளியே அனுப்புவீர்? சாருஜனுக்கு இதெல்லாம் கைவந்த வேலை. தடுமாறாமல், தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொன்னான். உறவினரை வெளியே அனுப்பமாட்டேன், ஒரு கதிரை கொடுத்து இருத்துவேன் என்றான். மேற்றனின் பேனை அந்த இடத்தில் ஒருமுறை நின்றது.

பிறகு டொக்டர் முன்னால் சாய்ந்தார். அவர் தலையில் காதோரத்தைத் தவிர வேறெங்கும் பயிர் இல்லை.

"தம்பி, பின்னால கட்டியிருக்கிறீர் போல?"

"ஓம் டொக்டர்."

"என்ன எண்ணெய் வைக்கிறனீர்?"

சாருஜன் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "நல்லெண்ணெய்."

"நான் எல்லாம் வைச்சுப் பாத்திட்டன்," என்றார் டொக்டர் துயரத்தோடு.

மேற்றன் எழுந்தார். சுற்றி வந்து சாருஜனின் பின்னால் நின்றார்.  அவன் முதுகுத்தண்டு நிமிர்ந்தது.

"வலை போட்டு, ஊசி தெரியாமல் கட்டியிருக்கு. கொலருக்கு மேல நிக்குது," என்றார் மேற்றன். "எங்கட பிள்ளையள் நாலு பேருக்கு இதைக் காட்டோணும். எங்களுக்கு முடி ஒரு பிரச்சினையில்லைத் தம்பி. இப்பிடிக் கட்டியிருந்தாச் சரி."

அவ்வளவுதான். நன்றி சொல்லி, கும்பிட்டு எழுந்து வந்திருந்தால் சபதம் நிறைவேறியிருக்கும். வேலையும் முடியும் ஒன்றாக வீட்டுக்கு வந்திருக்கும்.

ஆனால் நாள் முழுக்கப் பாடமாக்கிய ஒரு வசனம் சாருஜனின் தொண்டைக்குள் நின்று நெளிந்தது. அத்தனை நல்ல வசனத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டுப் போவதா? பாடமாக்கிய பேச்சைப் பேசாமல் மேடையை விட்டு இறங்கிய மனிதன் அவன் பரம்பரையில் இல்லை.

"அது… நேர்த்திக்கு வளர்க்கிறது, மிஸ்."

மேற்றனின் முகம் மாறியது. சிரிப்பில்லாத அந்த முகத்தில் மளமளவென்று பக்தி வந்து குடியேறியது.

"எந்தக் கோயில், தம்பி?"

கோயில்! கோயில் ஒன்று வேண்டும் என்று அவன் யோசிக்கவே இல்லை. முதலில் வாயில் வந்ததைச் சொன்னான். "வற்றாப்பளை அம்மன்."

"அம்மா தாயே!" மேற்றன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "நான் வருசம் தவறாமல் போறனான். என்னெண்டு நேர்த்தி?"

"வேலை… இஞ்ச வேலை கிடைச்சா… முடி இறக்கிறதெண்டு."

"அம்மன்ர பொங்கல் வாற திங்களெல்லோ?"

"ஓ… ஓம் மிஸ்."

"அப்ப அங்கை சந்திப்பம்," என்றார் மேற்றன். டொக்டர் அந்தக் கொண்டையைக் கடைசியாக ஒருமுறை பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் முறிகண்டிப் பிள்ளையாரடியில் மோட்டார்சைக்கிளை நிற்பாட்டியபோதே போன் வந்தது. வேலை அவனுக்குத்தான். செவ்வாய்க்கிழமை வந்து கடமையை ஏற்கச் சொன்னார்கள். "நேர்த்தியை முடிச்சுப்போட்டு வரட்டாம் எண்டு மேற்றன் சொன்னவா," என்று சொல்லிவிட்டு வைத்தார்கள். சாருஜன் தேங்காய் ஒன்று வாங்கி ஓங்கி அடித்தான். சந்தோஷத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி. தேங்காய் தூள் தூளாகப் போனது.

சுதாஜினி செய்தியைக் கேட்டதும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள். அப்படி அவள் அழுது அவன் பார்த்ததில்லை. கொழும்பு பஸ்ஸுக்குப் பை கட்டுகிற நாட்களில் கூட அவள் பகிடிதான் விட்டிருக்கிறாள். இவ்வளவு அழுகையை இவள் எங்கே வைத்திருந்தாள்? அதற்குப் பிறகு கோபிக்க முடியுமா? மெதுவாகத்தான் தொடங்கினான்.

"சுதா, நான் திங்கக்கிழமை போகாட்டி என்ன? பொங்கலுக்கு எவ்வளவு சனம். மேற்றன் என்னைத் தேடிக்கொண்டோ நிப்பா?"

"செவ்வாய்க்கிழமை தேடாமலே காண்பாவே."

"தொப்பி போட்டுக்கொண்டு போறன்."

"வாட்டுக்குள்ளயோ?"

"நேர்த்தியை அடுத்த வருசத்துக்குத் தள்ளிவைச்சன் எண்டு சொன்னா?"

"அம்மாளாச்சியோட தவணை பேசினனான் எண்டு மேற்றனுக்குச் சொல்லுங்கோ. நல்லா இருக்கும்."

"கொஞ்சம்போல, நுனியில மட்டும் நறுக்கினா?"

"நுனி வேலைக்குத்தான் நுனி. உங்களுக்குக் கிடைச்சது முழு வேலையெல்லோ?"

மறுநாள், சுதாஜினியிடம் நேர்த்திக் கதையைக் கேட்டறிந்த கமலாசனி அக்கா வேலியடியில் தலையை நீட்டினார். "வான் பிடிச்சாச்சுத் தம்பி! எங்கட ஒழுங்கைச் சனம் முழுக்க வருகுது. நேர்த்தி எண்டு ஒரு சொல்லு முதலே சொல்லியிருந்தா நான் வாயே திறந்திருக்கமாட்டன். என்னை மன்னிச்சுக்கொள்ளும்."

மன்னிப்புக் கேட்ட பிறகு மனிதன் எங்கே ஓடுவது?

திங்கட்கிழமை வற்றாப்பளையில் தலை வைக்க இடமில்லாத சனம். காவடிகள், பறையொலி, புழுதி, தண்ணீர்ப் பந்தல், வரிசையாகக் கச்சான் கடலைக் கடைகள். அத்தனை சனத்துக்குள்ளும் மேற்றன் சிவலட்சுமி மஞ்சள் சேலையோடு நேராக அவனிடமே வந்து சேர்ந்தார், கையில் அர்ச்சனைத் தட்டோடு. "வந்திட்டீரோ, நல்லது நல்லது" என்று சுதாஜினியின் தோளைத் தட்டிவிட்டு, பார்த்துக்கொண்டு நின்றார்.

சாருஜன் சவரம் செய்பவரின் முன்னால் குந்தினான். சுதாஜினி தன் கையாலேயே கொண்டையை அவிழ்த்தாள். ஊசி ஊசியாக எடுத்து, வலையைக் கழற்றி, முடியை ஒருமுறை விரலால் கோதிவிட்டாள். கொஞ்சம் அதிக நேரம் கோதினாள். பிறகு விலகி நின்றாள். தண்ணீர் விழுந்தது. கத்தி உச்சியில் இறங்கியது. அலையலையாக அவன் மடியில் வந்து விழுந்ததை அவன் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டான். ஆரபி மட்டும், அப்பாவின் தலை உள்ளேயிருந்து வெளியே வருவதைக் கைதட்டி வரவேற்றாள்.

"மீசையும் எடுக்கிறதோ?" என்று கேட்டார் சவரம் செய்பவர்.

"மீசையைத் தொடாதேங்கோ!" என்றாள் சுதாஜினி, பாய்ந்து.

அந்தப் பாய்ச்சலில் சாருஜனின் மனம் குளிர்ந்துவிட்டது. எவ்வளவு ஆசை இவளுக்குத் தன் மீசையில்!

மொட்டைக்குச் சந்தனம் பூசி, கும்பிட்டு, மேற்றனும் ஒழுங்கைச் சனமும் கலைந்த பிறகு, இருவரும் ஒரு மர நிழலில் கச்சான் சுற்றிய கடதாசிச் சரையோடு இருந்தார்கள். ஆரபி சந்தனத் தலையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். சாருஜன் குரலைத் தாழ்த்தினான்.

"சுதா, ஒரு பயம். வைக்காத நேர்த்தியை வைச்சனான் எண்டு பொய் சொல்லிப்போட்டன். அம்மாளாச்சி கோவிப்பாவோ?"

"நீங்கள் எங்கை பொய் சொன்னீங்கள்?"

"நான் நேர்த்தி வைக்கேல்லையே."

"நான் வைச்சனான்." கச்சான் கோதை ஊதிவிட்டாள். "நீங்கள் கிளிநொச்சிக்கு அப்ளிகேசன் போட்ட அண்டைக்கே. இந்த வேலை கிடைச்சா இவர்ர முடியைத் தாறன் தாயே எண்டு."

சாருஜனுக்குக் கச்சான் தொண்டையில் சிக்கியது. "என்ர தலைக்கு நீரோ நேர்த்தி வைக்கிறது?"

"வேலை உங்களுக்குத்தானே?"

"என்னட்டைச் சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா சபதம் எடுத்திருப்பீங்கள். நீங்களே உங்கட வாயால, அதுவும் மேற்றன்ர முன்னால சொன்னாத்தான் இந்தத் தலை இஞ்ச வரும். அவை கேக்காட்டிலும் நீங்கள் சொல்லாமல் வரமாட்டீங்கள் எண்டு எனக்குத் தெரியும்."

"உம்மட தலையை நேர்ந்திருக்கலாமே!"

அவள் சிரிக்கவில்லை. "எனக்கு ஆகலும் விருப்பமானதைத்தான் குடுக்கோணும் எண்டு நினைச்சன். வீட்டில அதைவிட விருப்பமானது வேற இருக்கேல்லை. பிள்ளை இனி போனைத் திருப்பித் திருப்பிப் பாக்கத் தேவையில்லையெல்லோ, அது காணும்."

சாருஜன் மொட்டையைத் தடவினான். காற்று புதிதாகப் பட்டது. தோற்றுப்போனதில் இத்தனை சுகம் இருக்கும் என்று அவன் நினைத்ததில்லை. அவள் கையில் இருந்த கச்சானில் பாதியைப் பிடுங்கிக்கொண்டான்.

"சரி, போகட்டும். மீசையை நீர் விடேல்லை. அதுவாவது எனக்கு மிஞ்சிச்சுது," என்று மீசையை நீவிவிட்டான்.

"ஓம். உங்களை ஒரு வருசத்தால வேலையில நிரந்தரமாக்குவினம் எண்டு சொன்னவையெல்லோ?"

"சொன்னவை. ஏன்?"

"அதுவரைக்கும் மீசையை நல்லா வளர்த்து வையுங்கோ."